நேர்கோட்டுத் தூரம்

எங்கள் ஊரில் வயதுக்கு அத்தாட்சி சூறாவளிதான். 1978 நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பைப் புரட்டிப்போட்ட காற்றுக்கு முன்னம் பிறந்தவனா, பின்னம் பிறந்தவனா என்று சொன்னால் போதும். மிச்சத்தை விரல்விட்டு எண்ணிவிடுவார்கள். 1984 தையில் அப்பா என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கூட்டிப்போனபோது கையில் பிறப்புச் சான்றிதழ் இல்லை. அது கிடந்த தகரப்பெட்டி கூரையோடு போய்விட்டது. பெரிய வாத்தியார் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

"புயலுக்கு இவன் என்ன செஞ்சவன்?"

"தாய்ட மடியில கிடந்தவன் ஐயா. கவிழவும் தெரியாது."

"அப்ப சரி. வலக்கைய தலைக்கு மேலால போட்டு இடக்காதத் தொடு பாப்பம்."

தொட்டேன். பாடசாலைத் தெரிவு அத்தோடு முடிந்தது. அப்பா வட்டைக்குப் போனார். நான் அரிவரிக்குப் போனேன்.

2015இல் அதே வேலை என் தலையில் விழுந்தது. நான் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர். கலாநிதிப் பட்டத்துக்காக இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துக்கு மூன்று வருடப் படிப்பு லீவில் புறப்பட இருந்தேன். மகளுக்கு ஆறரை வயது, மகனுக்கு நாலு வயது. மனைவி ஆசிரியை. ஒரு சின்ன விடயத்தைப் பெரிதாக்குவதற்கு வேண்டிய கல்வித் தகைமை முழுவதும் ஒரே வீட்டில் இருந்தது.

கல்லடி வீட்டில் இரவுச் சாப்பாடு முடிந்ததும் மடிக்கணினியைத் திறப்போம். இங்கிலாந்தில் ஒஃப்ஸ்டெட் என்று ஓர் அரச அமைப்பு. அதன் பரிசோதகர்கள் பாடசாலை பாடசாலையாகப் போய்ப் பார்த்து அறிக்கை எழுதுவார்கள். அதை எவரும் இணையத்தில் வாசிக்கலாம். அறிக்கையின் தலையில் அப்போது ஒரே ஒரு தீர்ப்பு இருக்கும்: மிகச் சிறந்தது, நல்லது, முன்னேற வேண்டும், போதாது. நான் அட்டவணை போட்டேன். பாடசாலையின் பெயர், தீர்ப்பு, பரிசோதித்த ஆண்டு, வீட்டிலிருந்து தூரம். வீடு இன்னும் எடுக்கவில்லை என்பதால் கடைசி நிரலில் பல்கலைக்கழகத்திலிருந்து தூரத்தைப் போட்டேன். ஒருநாளும் கால் பதிக்காத தெருக்களின் பெயர்கள் எனக்கு மனப்பாடமாயின.

மனைவி அறிக்கைகளை வரிவரியாக வாசிப்பாள்.

"இதில பிள்ளையள் ஒருத்தர ஒருத்தர் மதிக்கிறாங்களாம்."

"மற்றதில?"

"மற்றதில மிகவும் மதிக்கிறாங்களாம்."

மற்றதை ஒரு வரி மேலே ஏற்றுவேன்.

லண்டனில் இருக்கும் சித்தப்பா மகன் எங்கள் அட்டவணையைக் கேட்டுச் சிரித்தான். "கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்தில போடுங்க அண்ணன். ஒழுக்கமா இரிக்கும்" என்றான். விசாரித்துப் பார்த்தோம். கூட்டம் அதிகமான மதப் பாடசாலைகள் பலவற்றில் ஞானஸ்நானச் சான்றிதழ் உள்ள பிள்ளைக்கு முன்னுரிமை. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறார்கள் என்று பாதிரியாரின் கையெழுத்தைக் கேட்கும் பாடசாலைகளும் உண்டு. எங்களிடம் இருந்தது மண்டூர் முருகன் கோயில் திருநீறு மட்டும்.

இந்த விசயத்தில் மட்டக்களப்பான் வாய் திறக்கக் கூடாது. மதமும் பள்ளிக்கூடமும் ஒரே தோணியில் வந்திறங்கிய ஊர் இது. வில்லியம் ஓல்ட் என்ற மெதடிஸ்த பாதிரியார் 1814இல் இங்கே வந்தார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் காலமாகிவிட்டார். ஒரு வருடம் முழுதாக இருக்காத மனிதரின் பெயரைச் சொல்லி மெதடிஸ்த மத்திய கல்லூரி இருநூறு ஆண்டுகளைத் தாண்டி நடக்கிறது. 1873இல் புனித மிக்கேல் கல்லூரி. காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள் மிஷன் பள்ளிக்கூடங்களில் படித்தவர்; படித்து முடித்துத் துறவியாகி, 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தைத் திறந்தார். சைவப் பிள்ளைகள் பைபிள் ஒப்புவித்துப் பரிசு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து தேவாரம் பாடிய காலத்துக்கு அதுதான் பதில். மதத்தைப் பார்த்துப் பள்ளிக்கூடம் தேடுவதில் வெள்ளைக்காரனுக்கு நாங்கள் இளைத்தவர்கள் அல்ல.

தூரத்திலும் அப்படித்தான். இங்கிலாந்தின் பல நகரசபைகள் வீட்டு வாசலுக்கும் பாடசாலைக்கும் இடையில் நேர்கோடு போட்டு அளக்கின்றன. சில மீற்றரில் இடம் தவறிய கதைகள் உண்டு. நல்ல பாடசாலை உள்ள தெருவில் வீட்டு விலையே ஏறிவிடும். இதைக் கேட்டு வியக்கவும் எங்களுக்கு உரிமை இல்லை. முதலாந் தரத்துக்கு எங்கள் கல்வி அமைச்சு வெளியிட்டுவந்த சுற்றறிக்கையில் பாதி இடங்கள் அண்மையில் குடியிருப்பவர்களுக்கு, கால்வாசி பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு. வரைபடத்தில் வட்டம் கீறி, கேட்ட பாடசாலையைவிட வீட்டுக்குக் கிட்ட வேறு பாடசாலை இருந்தால் ஒவ்வொன்றுக்கும் புள்ளி கழிப்பார்கள். பிள்ளை தவழத் தொடங்கும்போதே வாக்காளர் இடாப்பில் முகவரி மாற்றுகிற பெற்றோரை எல்லோருக்கும் தெரியும்.

நான் பிறந்த ஊரில் நேர்கோடு போட்டால் அது தண்ணீரில் விழும். மட்டக்களப்பு வாவி சுமார் 56 கிலோமீற்றர் நீளம். கடல் பக்கம் எழுவான்கரை. வயலும் காடும் உள்ள மேற்குப் பக்கம் படுவான்கரை. பெரிய பள்ளிக்கூடங்கள், ஆசுபத்திரி, கச்சேரி எல்லாம் சூரியன் எழும் பக்கத்தில். நாங்கள் அம்பிளாந்துறைக்குக் கிட்ட, சூரியன் படும் பக்கத்தில். துறையில் நின்றால் அக்கரையில் குருக்கள்மடத்துத் தென்னைகள் தெரியும். ஆனால் அந்தக் காலத்தில் போவதென்றால் பாதைக்குக் காத்திருக்க வேண்டும். தோணிகளைப் பிணைத்து மேலே பலகை அடித்த பாதை. அதில் சைக்கிள், நெல் மூட்டை, கோழி, நோயாளி, உத்தியோகத்தர் எல்லோரும் சமம். பாதை ஓடாவிட்டால் பட்டிருப்புப் பாலத்தைச் சுற்ற வேண்டியிருந்தது. எங்களுக்கு வெளிநாடு என்றால் முதலில் அக்கரைதான்.

நானும் அந்த வெளிநாட்டுக்குத் தற்காலிகமாகப் போனவன். 1987 ஜனவரிக் கடைசியில் கொக்கட்டிச்சோலை இறால் பண்ணையில் வேலை செய்தவர்களும் சுற்றியிருந்த ஊர்ச்சனமும் கொல்லப்பட்டார்கள். அந்தக் கிழமையே அப்பா என்னைப் பாதையில் ஏற்றி, குருக்கள்மடத்தில் பெரியம்மா வீட்டில் விட்டார். "ரெண்டு மாசத்துக்குத்தான்" என்று பெரியம்மாவுக்குச் சொன்னார். பெரியம்மா கேட்டது ஒன்றுதான்: இவன் மீன் தின்பானா?

அக்கரைப் பள்ளிக்கூடத்தில் விடுகைப் பத்திரம் கேட்டார்கள். அதை எழுதித்தர வேண்டிய அதிபர் எங்கே என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. வகுப்பு ரீச்சர் கொஞ்சம் யோசித்தார். பிறகு இடாப்பின் கடைசி வரிக்குக் கீழே, கோடு போடாத இடத்தில், என் பெயரைப் பென்சிலால் எழுதினார். "விடுகைப் பத்திரம் வரட்டும், மறுகா மையால எழுதுவம்." வரவுக் கோடு மட்டும் மையில், பெயர் பென்சிலில். புது வருடத்துக்குப் புது இடாப்பு வந்தபோதும் என்னைப் பென்சிலால்தான் இறக்கினார்கள். ரெண்டு மாதத்துக்கு வந்த பையன் மூன்று வருடத்துக்கு மேல் அந்தக் கடைசி வரியில் இருந்தேன். நல்ல பிள்ளை என்றோ கெட்ட பிள்ளை என்றோ ஒருவரும் தீர்ப்புச் சொல்லவில்லை. பென்சிலால் எழுதிய பிள்ளையிடம் யாரும் பெரிதாக எதிர்பார்ப்பதில்லை; அதில் ஒரு சுகமும் இருந்தது.

தரமிடுதல் எங்களுக்கும் பிறகு வந்தது. 1990 ஜூனில் யுத்தம் திரும்பத் தொடங்கியதும் பாடசாலைகள் அகதி முகாம்களாயின. வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகமே முகாமானது. அந்த மாதங்களில் பெற்றோர் பாடசாலைகளை ஒப்பிட்ட நுட்பத்தை எந்தப் பரிசோதகரிடமும் நான் காணவில்லை. மண்டபத்துக்கு ஓடா, தகரமா? கிணறு ஆடியில் வற்றுமா? மலசலகூடம் எத்தனை? மதில் நெஞ்சளவா, தலையளவா? றோட்டுக்குக் கிட்ட உள்ள பாடசாலை 'போதாது'. தேவாலயத்தோடு ஒட்டிய, வற்றாத கிணறுள்ள பாடசாலை 'மிகச் சிறந்தது'. அங்கே இடம் பிடிக்க நேர்கோட்டுத் தூரம் உதவாது. முந்திப் போய்ப் பாய் விரிக்க வேண்டும்.

இத்தனை அனுபவம் உள்ள பரம்பரையில் வந்தவன் அட்டவணையோடு லீட்ஸில் இறங்கியது நவம்பரில். பள்ளி வருடம் செப்டெம்பரில் தொடங்கிவிட்டது. அங்கே சின்ன வகுப்புகளில் ஓர் ஆசிரியருக்கு முப்பது பிள்ளைகள் என்பது சட்டம். முப்பத்தோராவது பிள்ளையைச் சேர்க்கச் சட்டம் விட்ட விதிவிலக்குகளில் எங்கள் பிள்ளைகள் அடங்கவில்லை. அட்டவணையின் மேல் வரிகள் எல்லாம் நிரம்பியிருந்தன. நகரசபை எங்களுக்குக் கொடுத்தது அட்டவணையிலேயே இல்லாத ஒரு பாடசாலை. காரணம் எளிது: அங்கே இரண்டாம் ஆண்டில் ஓர் இடமும் வரவேற்பு வகுப்பில் ஓர் இடமும் இருந்தன.

பெரிய வாத்தியாராவது காதைத் தொடச் சொன்னார். இங்கே அதுவும் இல்லை. பிறந்த திகதியைப் பார்த்தார்கள், மகளை இரண்டாம் ஆண்டில் இருத்தினார்கள். ஆங்கிலம் எவ்வளவு தெரியும் என்று கேட்டது பரீட்சிக்க அல்ல, யாரைப் பக்கத்தில் இருத்துவது என்று பார்க்க. அடுத்த நாள் போனபோது கோட்டுக் கொளுவும் இடத்தில் பெயர் ஒட்டியிருந்தது. அச்சடித்து, பிளாஸ்ரிக் உறை போட்டு, பக்கத்தில் ஓர் ஆமைப் படத்தோடு. மூன்று வருடத்தில் போகப்போகிற பிள்ளை என்று நான்தான் ஆசிரியையிடம் சொன்னேன். "அருமை" என்று சொல்லிவிட்டு, பிள்ளைக்கு என்ன சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்று கேட்டார்.

இரவு வைபரில் அப்பாவை எடுத்தேன்.

"பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் மனே?"

"நடந்து போற தூரம்தான் அப்பா."

"நடுவில தண்ணி இல்லையே?"

"இல்ல."

"சோறு குடுக்காங்களா?"

"சின்ன வகுப்புகளுக்கு மத்தியானச் சாப்பாடு சும்மா."

"அப்ப நல்ல பள்ளிக்கூடம்."

அறிக்கை அவ்வளவுதான். வைக்கப்போனவர் நிறுத்தினார். "அது சரி, நீங்க கிறுகி வரக்குள்ள மூத்தவ எத்தினையாம் வகுப்பு?"

நானும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். இலங்கையில் ஜனவரிக் கடைசியில் ஐந்து வயது முடிந்திருந்தால் முதலாந் தரம். மகள் அதை ஏறத்தாழ முடித்துவிட்டு வந்திருந்தாள். 2018 கடைசியில் திரும்பினால் 2019 தையில் ஐந்தாந் தரம். ஐந்தாந் தரம் என்றால் புலமைப்பரிசில் பரீட்சை. பத்து வயதுப் பிள்ளை தமிழில் கட்டுரை எழுதி, வெட்டுப்புள்ளி தாண்ட வேண்டும்; அதை வைத்து உறவினர் பத்து வருடத்துக்குக் கதைப்பார்கள். மகனோ தமிழில் ஓர் எழுத்தும் எழுதாமல் நேரே மூன்றாந் தரத்தில் போய் இருக்க வேண்டும். லீட்ஸ் பாடசாலைகளைப் பற்றி எத்தனை இரவு ஆராய்ந்தோம். அப்பா கேட்டது மட்டக்களப்புப் பாடசாலையைப் பற்றி. மூன்று வருடத்துக்கு வெளிநாடு போகிறவன் தேட வேண்டிய பள்ளிக்கூடம் போகிற ஊரில் இல்லை, திரும்பி வருகிற ஊரில் இருக்கிறது. போகிற ஊரில் அரசாங்கமே ஓர் இடம் தரும். திரும்பி வரும் ஊரில் தராது.

மனைவிக்கு இது முன்னமே தெரிந்திருந்தது போல. கம்பளி உடுப்புகளுக்கு அடியில் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் புத்தகங்களை வைத்துக் கட்டியிருந்தாள்: தமிழ், கணிதம், சைவநெறி. மிச்சத்தை இணையத்திலிருந்து இறக்கிக்கொண்டோம். வெளியே நாலு மணிக்கே இருட்டிவிடும். சாப்பாட்டு மேசையில் 'சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்' நடக்கும். வீட்டைச் சுற்றிக் காணும் மரங்கள் எவை என்று கேட்டால் மகன் யன்னலால் பார்த்து, இலை ஒன்றும் இல்லை, எப்படிச் சொல்வது என்பான். மழைக்காலத்தில் என்ன செய்வோம் என்று கேட்டால், பள்ளிக்கூடம் போவோம் என்று இருவரும் ஒரே குரலில் சொல்வார்கள். லீட்ஸ் மழைக்கு அது சரியான விடை. புத்தகம் எதிர்பார்த்தது அதுவல்ல. மகன் முதலில் பிடித்துக்கொண்ட எழுத்து 'ட'. இரண்டு கோடு, வேலை முடிந்தது. 'இ'யைப் பார்த்து, இதை எழுதிப் பழகத் தனியாக ஒரு வருடம் வேணுமா என்று கேட்டான்.

மூன்று வருடத்தில் இருவரும் யோர்க்‌ஷயர் ஆங்கிலத்தில் சண்டை பிடித்து, தமிழில் முறைப்பாடு சொல்லப் பழகினார்கள். 2018 மார்கழியில் கல்லடிக்குத் திரும்பினோம்.

திரும்பி வருகிறவர்களுக்கென்று அந்த முதலாந் தரச் சுற்றறிக்கையில் ஒரு பிரிவு இருந்ததை அப்போதுதான் கண்டேன். பிள்ளையோடு வெளிநாட்டில் வாழ்ந்துவிட்டு வருவோருக்கு நூற்றுக்கு ஒன்று. அரசாங்கம் எங்களையும் நினைத்திருக்கிறது என்று சந்தோசப்பட்டேன். எங்கள் இரண்டு பிள்ளைகளுக்கும் முதலாந் தர வயது கடந்திருந்தது. இடைத்தரங்களில் யாராவது விலகினால்தான் இடம். நகரத்தில் கேட்ட இடத்தில் எல்லாம், வெற்றிடம் வந்தால் அறிவிக்கிறோம் என்றார்கள்.

அப்பா வீட்டுக்கு வந்திருந்தார். "நம்மட பள்ளிக்கூடத்தில இடம் இரிக்கி. போய்க் கேட்டுட்டுத்தான் வாறன்" என்றார். உண்மைதான். ஜப்பான் உதவியில் 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு எங்கள் ஊர்ப் பிள்ளைகளில் பலர் வானில் ஏறி எழுவான்கரைக்குப் படிக்கப் போகிறார்கள். பாதைக்குக் காத்திருந்த காலத்தில் வகுப்பு நிறையப் பிள்ளைகள். பாலம் வந்ததும் வாங்குகளில் இடம். ஆசிரியர்கள் இருக்கிறார்கள், கட்டடம் புதிது, காற்று நல்லது. லீட்ஸில் இடம் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக முன்பின் பார்க்காத பாடசாலையில் பிள்ளைகளை விட்ட நாங்கள், அதே காரணத்தை அப்பா சொன்னபோது, தேத்தண்ணி குடிக்கிறீங்களா என்று இருவரும் ஒன்றாகக் கேட்டோம்.

கடைசியில் நகரத்தில் இடம் கிடைத்தது. ஐந்தாந் தரத்தில் ஒரு பிள்ளையின் குடும்பம் அவுஸ்திரேலியா போகிறது. மூன்றாந் தரத்திலும் அதே குடும்பத்தின் இளையவன். தகப்பனுக்கு மேற்படிப்பாம். கொஞ்சக் காலத்துக்குத்தானாம்.

ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்பு நகரத்துச் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. பலியானவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். பள்ளிக்கூடங்கள் மூடித் திறந்தபோது, பெற்றோர் முறைவைத்து வாசலில் நின்று புத்தகப்பைகளைக் கிண்டிப் பார்த்தோம். சாப்பாட்டுப் பெட்டி, தண்ணீர்ப் போத்தல், கடந்த கால வினாத்தாள். எனக்குப் பக்கத்தில் நின்றவர் வங்கி உத்தியோகத்தர். முதலாந் தரத்துக்காக இந்தப் பாடசாலைக்குப் பின்னால் வீடு வாங்கியவர். அன்று அவர் பேசியது புள்ளியைப் பற்றி அல்ல. "மதில் இன்னும் ஒள்ளுப்பம் உயர்த்த வேணும்" என்றார். 1990இல் என் ஊர்ச்சனம் கேட்ட கேள்விக்கு மறுபடி வந்து நின்றோம்.

மகள் ஓகஸ்டில் பரீட்சை எழுதினாள். வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே. உறவினர் லீட்ஸைக் குறை சொன்னார்கள். லீட்ஸ் நண்பர்கள், பத்து வயதுப் பிள்ளைக்கு ஏன் இப்படி ஒரு பரீட்சை என்று இலங்கையைக் குறை சொன்னார்கள். மகள் ஒருவரையும் குறை சொல்லவில்லை. தமிழ்க் கட்டுரையை நன்றாக எழுதியதை மட்டும் தாத்தாவுக்கு எடுத்துச் சொன்னாள்.

2024 கடைசியில் எங்கள் பீடத்தில் ஓர் இளம் விரிவுரையாளர் இங்கிலாந்துக்குப் புறப்பட ஆயத்தமானார். இரண்டு சின்னப் பிள்ளைகள், கலாநிதிப் பட்டம், மூன்று வருடம். மடிக்கணினியோடு என் அறைக்கு வந்தார். அட்டவணை என்னுடையதைவிடப் பெரிது. ஒன்று முதல் ஐந்து வரை தமிழ்ப் புத்தகங்களைக் கட்டுங்கள் என்றேன். திரும்பும்போது பிள்ளைகள் எந்தத் தரத்தில் வருவார்கள் என்று இப்போதே ஒரு தாளில் எழுதுங்கள் என்றேன்.

"அதெல்லாம் மறுகா பாப்பம் சேர். எனக்கு இந்த நிரல்தான் பிரச்சினை."

பார்த்தேன். தீர்ப்புக்கான நிரலில் சில கட்டங்கள் வெறுமை. 2024 செப்டெம்பரில் ஒஃப்ஸ்டெட் அரச பாடசாலைகளுக்கு அந்த ஒற்றைச் சொல் தீர்ப்புக் கொடுப்பதை நிறுத்திவிட்டது. ஒரு பாடசாலையை ஒரு சொல்லில் அடக்க முடியாது என்று அவர்களே முடிவுக்கு வந்துவிட்டார்கள். எங்கள் பீடம் இன்னும் வரவில்லை.

"சேர்ட பிள்ளையள் படிச்ச பள்ளிக்கூடத்துக்கு என்ன போடலாம்? ஒரு சொல்லில சொல்லுங்க."

"வெற்றிடம் இருந்தது" என்றேன்.

ஒன்றும் சொல்லாமல் அதை அப்படியே தட்டச்சுச் செய்து, கட்டத்துக்கு மஞ்சள் நிறம் பூசி, அடுத்த வரிக்குப் போனார்.